எயினியின் வயலுக்கு வந்த இரண்டு ஆணைகள்

மழைக்கே நாள் குறித்தருளியவரும், அந்நாளில் அது வாராதபோது அதனை விட்டுவிட்டுக் குடிகள்மேல் மட்டும் சினந்தருளியவருமாகிய வேந்தர் வானெழிலாரின் தலையமைச்சர் மதியூரர் சமூகத்துக்கு, ஓதக்கரை நாட்டு அதிகாரி பொறையன் வணங்கி விடுக்கும் ஓலை. தலைநகரம் தழைக்க, அரண்மனைப் பந்தல்களில் நிழல் குன்றாதிருக்க.

வேந்தர் பொன்னேர் பூட்டும் ஆடிப் பதினெட்டிலேயே நாடெங்கும் விதைக்க வேண்டும் என்ற ஆணையை ஓதக்கரையார் இவ்வாண்டும் தலைமேற்கொண்டனர். மழைதான் கொள்ளவில்லை. அது இரண்டு திங்கள் கழித்து வந்தது. அதற்குள் கடல் வயலேறி, விதைத்ததெல்லாம் உப்பில் வெந்து போயிற்று.

எயினி என்னும் உழத்தி மட்டும் அன்று விதைக்கவில்லை. வரப்பை இடுப்பளவு உயர்த்தி, வயல்மூலையில் குளம் வெட்டி, மழை உப்பைக் கழுவும்வரை பொறுத்திருந்து, உவர் தாங்கும் செந்நெல்லை விதைத்தாள். ஆணையை மீறியது ஏன் என்று மழைக்கு முன்பே பொறையன் வினவ, அரண்மனையில் நாள் பார்க்கலாம், இங்கே மண்ணை நாக்கில் வைத்துத்தான் பார்க்கணும், ஐயாவும் ஒரு வாய் போட்டுப் பாருங்கள் என்றாள். பொறையன் போட்டுப் பார்த்தான். மூன்று நாள் நாக்குக் கரித்தது.

ஆயினும் கடமை தவறாதவனாகையால் அவள் குற்றத்தைத் தங்கள் சமூகத்துக்கு எழுதித் தொலைத்தான். அவ்வயலை மிதித்தழிக்கும் ஆணையோலையைச் சுமந்து பட்டத்து யானையே புறப்பட்ட செய்தி எட்டியதும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஊரில் நெல் என்று நின்றது அது ஒன்றே.

அந்நிலையில் யானையை முந்திக்கொண்டு குதிரைமேல் வேறோர் ஓலை வந்தது. பொன்னேர் உழுத அரச வயலும் பொய்த்துவிட்டதாம். ஓதக்கரையில் விளைந்த விதைநெல்லை உடனே அனுப்ப வேண்டுமாம். ஓலைகள் வந்த வரிசையிலேயே நிறைவேற வேண்டும் என்பது தங்கள் சமூகம் கட்டிக்காக்கும் மரபன்றோ? ஊரே வயலில் இறங்கி மூன்று நாளில் அறுத்து முடித்தது. நான்காம் நாள் யானை வந்தது. அறுத்தபின் வயலில் நின்ற தாள்களை அது வெகு கம்பீரமாக மிதித்தது. அவ்வாணையும் குறைவின்றி நிறைவேறியது.

பாதி விதை ஊருக்கென நிறுத்தப்பட, மீதி இத்துடன் வருகிறது. எயினி ஒரு பிடி வயல்மண்ணும் முடிந்து அனுப்பியிருக்கிறாள். அடுத்த நாள் குறிக்குமுன் வேந்தர் அதைச் சுவைத்தருள்க. சுவையாமல் நாளோலை விடுத்தருளினும் பழுதில்லை. மரபுப்படியே, முதலில் மழை வரட்டும். ஓலை அதன்பின் பிரிக்கப்படும்.

தைத் திங்கள் இருபதாம் நாள், ஓதக்கரை நண்டு முத்திரை பொறித்து, பொறையன் கைச்சாத்து.