அளவு சரியாக இருக்கிறது

அக்காவுக்கு,

போன் பண்ணும்போதெல்லாம் "செட்டில் ஆயிட்டியாடி?" என்று கேட்கிறாய். அவர் பக்கத்திலேயே இருப்பதால் "ம்" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நன்றாகவே செட்டில் ஆகிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அலைச்சறுக்குக்குப் போகிறோம். போன வாரம் பலகைமேல் நான்கு விநாடி நின்றேன். ஐந்தாவது விநாடி பாதிக் கடல் என் மூக்குக்குள். சொல்லிக்கொடுக்கும் பெண் சிரித்தபடி இவரிடம் ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?"

"நல்லா பண்றியாம்."

இந்த ஊர்ப் பாஷை எனக்கும் இப்போது கொஞ்சம் புரியும். முன்னால் வந்தவளைவிட இவள் தைரியசாலி என்றாள்.

தோட்டத்தில் கறிவேப்பிலை என் தோளுயரம் நிற்கிறது. குடித்த தம்ளரைக்கூடக் கழுவாத மனுஷன், தானே தண்ணீர் ஊற்றி வளர்த்தாராம். நானும் நம்பினேன். நேற்று சமையலறை அலமாரியில் பின்வரிசை டப்பாக்களை எடுத்துத் துடைத்தேன். கடுகு, சீரகம், வெந்தயம் என்று தமிழில் சீட்டு ஒட்டியிருந்தது. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா, அக்கா? எனக்கு எழுதப் பழக்கியவளே நீதானே.

இங்கே வேலை பார்த்த இரண்டு வருஷமும் ஹாஸ்டலில் இருந்ததாகச் சொன்னாய். "ஆபீஸ்ல பழக்கம், தங்கமானவர்" என்று இந்த வரனைக் கொண்டுவந்ததும் நீதான்.

கடலுக்குப் போடும் ரப்பர் உடையும் உன்னுடையதுதான் போலிருக்கிறது. எனக்கென்றே தைத்த மாதிரி பொருந்துகிறது. சின்ன வயதிலிருந்து உன் பழைய சட்டைகளைப் போட்டு வளர்ந்தவள்தானே நான். ஆனால் அப்போதெல்லாம், எங்கே கிழிந்திருக்கிறது என்று காட்டிவிட்டுத்தான் கொடுப்பாய்.

உன் தங்கை