ரம்பத்தைச் சூடேற்றாதீர்கள்

அப்பா,

சப்பாத்தி டப்பாவில் இருக்கிறது. பருப்பைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

உங்கள் மரம் அறுக்கும் என்ஜின் ரம்பத்தை விலைக்குப் பார்க்க இன்று சாகண் ஊரிலிருந்து ஒருவர் வருகிறார். அவர் வருவதற்குள் அதை ஓட்டிச் சூடாக்கி வைக்காதீர்கள். பழைய ரம்பம் வாங்க வருகிறவர் முதலில் என்ஜினைத்தான் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால், ஆறின என்ஜின் லேசில் ஸ்டார்ட் ஆகாது, அதை மறைக்கிறோம் என்று நினைப்பார். ஞாயிற்றுக்கிழமை வந்தவர் அப்படித்தான் திரும்பிப் போனார். சங்கிலி தேய்ந்திருப்பது பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம். சைலன்சரைக் கழற்றி, கீறலே இல்லாத பிஸ்டனைக் காட்டுங்கள். விலை அதற்குத்தான்.

"நாலு எழுத்துப் படிச்சிட்டா எனக்கே பாடம் எடுப்பியோ?" என்று நேற்று கத்தினீர்கள். சூடான என்ஜினைத் தொட்டுவிட்டு எத்தனை ரம்பத்தை நீங்களே வேண்டாமென்று தள்ளியிருக்கிறீர்கள்! அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றேதானே செய்தீர்கள்?

வலிக்கிற அந்தத் தோளோடு இனி மரம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது நன்றாகத் தலையாட்டினீர்கள். விற்க மனமில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லுங்கள். ரம்பம் வீட்டிலேயே கிடக்கட்டும். நீங்கள் மட்டும் ஏறக் கூடாது.

வைஜயந்தி

மரமேறும் கயிற்றைத் தேட வேண்டாம். என் ஆபீஸ் பையில் இருக்கிறது. லோக்கல் ரயிலில் எல்லோரும் முறைக்கட்டும், தினமும் தூக்கிக்கொண்டுதான் போவேன்.