புள்ளி ஆகாதவன் சொன்ன விலை

மார்ச் 14, இரவு 11.20. நான் செய்து இதுவரை விற்ற கணினி 212.

காரைக்குடி செக்காலையில் இருக்கும் என் கடையில் பணம் போட்ட பங்காளிகள் கூடினார்கள். விலையை ஏற்றச் சொன்னார் அப்பாவின் அண்ணன், பெரியப்பச்சி. குறைத்து மதுரை வரை விற்கலாம் என்றார் அவருடைய கடைசித் தம்பி.

"ஏத்துனா படிக்கிற பிள்ளைக வாங்காது. குறைச்சா மட்டமான பாகம்தான் போட முடியும். நீங்க ரெண்டு பேருமே தப்பாச் சொல்றீக," என்றேன்.

"நீ முதல்ல கல்யாணம் முடிச்சுப் புள்ளியாகி வாப்பா. அப்புறம் விலை பேசலாம்," என்றார் பெரியப்பச்சி. எல்லாரும் சிரித்தார்கள்.

எங்கள் சமூகத்தில் மணமானவன்தான் புள்ளி. கோயில் வரியிலிருந்து எல்லாவற்றிலும் அவன்தான் கணக்கில் வருவான். கணினியைச் செய்கிற நான் வரமாட்டேன்.

இந்த விலையை என்னோடு உட்கார்ந்து போட்டவள், கடையில் என்னோடு வேலை பார்த்த மீனா. பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். போகாதே என்று நான் சொல்லவேயில்லை. அவர்கள் சிரித்தபோது அவள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

1. விலையை மாற்றுவதில்லை.
2. காலையில் மீனாவுக்குப் போன். விலையைப் பற்றிப் பேசக் கூடாது.