சாரம் கட்டியவனின் சண்டை

இன்று காலை வேலணை பஸ்ஸில் பக்கத்தில் வந்து இருந்தவரிடம் நோவெண்ணெய் மணந்தது. உடனே நீர்தான் நினைவில் வந்தீர். சண்டை ஒத்திகை முடிந்ததும் நோவுக்குப் பூச எல்லோருக்கும் போத்தலை நீட்டி, "நோவெண்ணெய் மணக்காதவன் இண்டைக்கு ஏமாத்தினவன்" என்று திட்டுவீர்.

எங்களோடு படித்தவர்களில் கராத்தேயை விடாமல் பிடித்துக்கொண்டவர் நீர் ஒருவர்தான். என் குறும்படத்துக்குச் சண்டை அமைத்துத் தரும்படி கேட்டபோது, "ஆர் ஆரை அடிக்கிறது?" என்றுதான் முதலில் கேட்டீர். நல்ல தண்ணீர்க் கிணற்றில் அள்ளப் போன ஒருவனை, காணிக்காரரின் ஆட்கள் சாதி சொல்லி அடிக்கிறார்கள் என்றேன்.

"அப்ப அவன் பறந்து பறந்து அடிக்க ஏலாது. எங்கட ஊரில ஒருத்தன் பத்துப் பேரை அடிச்சதைக் கண்டனீரோ? பத்துப் பேர் சேந்து ஒருத்தனை அடிச்சதைத்தான் நான் கண்டனான்."

அப்படியிருந்தும் பிழைவிட்டோம். சாட்டிக் கடற்கரையில் ட்ராக் சூட்டோடு பழகினோம். உதையும் தடுப்பும் அழகாக வந்தன. படப்பிடிப்பு நாளில்தான் நடிக்கிற பெடியள் அதைக் கழற்றிவிட்டு இடுப்பில் சாரம் கட்டினார்கள். முதல் உதைக்கே கால் எழும்பவில்லை. முடிச்சு அவிழ்ந்தது. அடித்தவனும் அடி வாங்கியவனும் சண்டையை விட்டுவிட்டுத் தங்கள் தங்கள் சாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

நீர் சிரிக்கவில்லை. "இதைத்தான் எடுக்கிறம். சாரம் கட்டின மனிசனுக்குச் சண்டையில ஒரு கைதான். மற்றக் கை இடுப்பில. பழகினது எல்லாத்தையும் மறந்துபோடுங்கோ."

அன்று கிணற்றடியில் நீர் அமைத்த சண்டையில் அழகான உதை ஒன்றுகூட இல்லை. சறுக்கல், மூச்சு வாங்கல், குறி தவறிய குத்து. கடைசியில் நிலத்தில் கிடக்கிறவன் தலையை மூடுவதா, அவிழும் சாரத்தைப் பிடிப்பதா என்று தடுமாறுகிறான். சாரத்தைப் பிடிக்கிறான். தலையில் அடி விழுகிறது.

மடத்துவெளியிலிருந்து வெளிநாடு போய், எங்கள் படத்துக்குக் காசு தந்த அண்ணைக்கு அது பிடிக்கவில்லை. "தம்பி, ஜீன்ஸைப் போட்டு ஹீரோவை வெல்ல விடும். சாரத்தோட உருளுறதை இஞ்ச ஆர் பாக்கிறது?" நீர் போனைப் பறித்தீர். "அண்ணை, அவன் வெண்டிருந்தால் நாங்கள் ஏன் இந்தப் படத்தை எடுக்கிறம்?"

பிறகு காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனீர். திரும்பி வரவில்லை. உம்முடைய செத்தவீடு முடிந்த கையோடு அண்ணை மறுபடி போன் எடுத்தார். "அந்தப் பிள்ளையும் இப்ப இல்லைத்தானே. சண்டையை மாத்துவம்." உங்கட காசே வேண்டாம் என்று போனை வைத்தேன். உம்முடைய சண்டையில் ஒரு துண்டைக்கூட வெட்டவில்லை.

போன கிழமை வேலணையில் ஒரு மண்டபத்தில் படத்தைக் காட்டினோம். சாரம் அவிழ்ந்ததும் பின்வரிசை விசிலடித்தது. பிறகு பத்துப் பேரும் அவனைச் சூழ்ந்தார்கள். விசில் நின்றது. அவன் கை தலைக்குப் போய், திரும்பி இடுப்புக்கு வந்தபோது ஒரு மனிசி எழும்பிக் கத்தினா: "விடுங்கோடா அவனை! தண்ணி அள்ளத்தானே வந்தவன்!" யாரும் அவவை இரு என்று சொல்லவில்லை. அப்படி மற்றவர்களை அள்ள விடாத கிணறு வைத்திருக்கிற குடும்பத்து ஆட்களும் முன்வரிசையில் இருந்தார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நாங்கள் வெண்டிட்டம்.

அடுத்த நாள் அண்ணை எடுத்தார். "தம்பி, பேர் போடுற இடத்தில என்னையும் ஒருக்கால்..." இடமில்லை அண்ணை என்றேன். சண்டை அமைப்பு என்ற சொல்லுக்குக் கீழே, கறுப்புத் திரையில், உம்முடைய பெயர் மட்டும் நிற்கிறது.

படப்பிடிப்பு நாளில் நான் கமராவை அடிக்கிறவனின் தோளுக்குப் பின்னால் நிறுத்தப் பார்த்தேன். நீர் என் கொலரில் பிடித்து இழுத்தீர். "அங்க உமக்கு என்ன அலுவல்? அடி வாங்கிறவனோட நிலத்தில படும்." அடுத்த படம் தொடங்கிவிட்டேன். சண்டை என்றால் முதலில் கமராவோடு நிலத்தில் படுப்பது நான்தான். நேற்றும் படுத்தேன். கீழே கிடந்து பார்த்தால் அடிக்கிறவனின் முகம் முழுதாகத் தெரிகிறது.