பேசக் கூடாத ஒரு மணி நேரம்

மார்ச் 3

அன்புள்ள விஞ்ஞானிக்கு,

பிரிந்திருக்கும் கணவன் எழுதினால் வக்கீல் நோட்டீஸ் என்று பயந்துவிடாதே. தொண்டைக் கரகரப்பு விடவில்லை. உன் ஆய்வுக்கூடத்தில் தயாராகும் பாசிட்ரான் மருந்தை ஏற்றிப் படம் எடுத்தார்கள். படத்தில் குரல்வளை விளக்குப் போல எரிகிறது. கட்டியாக இருக்கலாமாம், கீறிப் பார்க்க வேண்டுமாம். இத்தனை வருடம் வானொலியில் சோறு போட்ட தொண்டை. பயமாக இருக்கிறது. வேறு யாரிடம் சொல்ல?

சட்டப்படி இன்னும்
உன் வீட்டுக்காரன்

மார்ச் 6

வானொலிக்காரருக்கு,

ஆறுதல் எழுத எனக்கு வராது. ஒரு கேள்வி மட்டும். ஊசி போட்டபின் இருட்டறையில் ஒரு மணி நேரம் படுக்க வைத்திருப்பார்கள். அப்போது பேசினீர்களா?

நாங்கள் அனுப்புவது ஒருவகைச் சர்க்கரை. கட்டி மட்டுமல்ல, உழைக்கும் தசையும் அதை இழுத்துக்கொள்ளும். அங்கே அது விடும் பாசிட்ரானும் உடம்பிலுள்ள எலக்ட்ரானும் சந்தித்து மறைந்துபோக, இரண்டு ஒளித்துகள்கள் எதிரெதிராக ஓடும். கருவி இரண்டையும் பிடித்தால்தான் சந்தித்த இடம் தெரியும். பேசியிருந்தால் தொண்டையும் எரியும்.

கட்டி இல்லை என்று சொல்லவில்லை. கேட்கிறேன்.

இப்படிக்கு,
நான்

மார்ச் 9

அம்மா தாயே,

பேசினேன். "வாயே திறக்கக் கூடாது சார், தூங்குங்க" என்று நர்ஸ் கதவைச் சாத்தினாள். மங்கிய வெளிச்சம், சத்தமே புகாத சுவர்; ஸ்டுடியோ மாதிரியே இருந்தது. எங்கள் தொழிலில் அரை நிமிடம் மௌனமானாலே மெமோ வரும். அந்த ஒரு மணி நேரம் முழுவதும் மெல்லப் பேசினேன். உன்னிடம்தான். நீ பதில் சொல்லாததால் வீட்டில் இருந்தது போலவே இருந்தது.

"தூங்கினீங்களா?" என்றாள் நர்ஸ், கதவைத் திறந்து. "நல்லா" என்று புளுகினேன். இன்று டாக்டரிடம் உண்மையைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். திங்களன்று மறுபடியும் படம் எடுக்கிறார்கள்.

வாயாடி

மார்ச் 17

விஞ்ஞானிக்கு,

புதுப் படத்தில் தொண்டை இருட்டு! கத்தி வேண்டாம். "வெறும் வீக்கம். கொஞ்ச நாள் வாய்க்கு லீவு குடுங்க சார்" என்றார் டாக்டர்.

இம்முறை பேசவில்லை. முதலில் மூச்சு கேட்டது. பிறகு அதுவும் தூரமாகி, போர்வைக்குள் உன் சர்க்கரை ஊர்வது போல, நான் எங்கோ மிதப்பது போல இருந்தது. அந்த அரைத்தூக்கத்தில், ஜன்னலோரம் நீ புத்தகம் படித்துக்கொண்டிருந்தாய். நான் பேசாததால் நீ எழுந்து போகவில்லை.

எதிரெதிராக ஓடிய இரண்டையும் பிடிக்க வேண்டும் என்றாயே. என்னைப் பிடித்துவிட்டார்கள். இன்னொன்று நீ.

வீட்டுக்காரன்

மார்ச் 20

வானொலிக்காரருக்கு,

உவமை தவறு. ஓடிய ஒளி திரும்பி வராது. நாம் துகள்கள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அந்த முதல் ஒரு மணி நேரத்தில் என்னிடம் என்ன பேசினீர்கள் என்று தெரிய வேண்டும். மெதுவாகச் சொன்னால் போதும். எழுந்து போக மாட்டேன்.

உங்கள்
விஞ்ஞானி