பர்வீன் முடியை வெட்டியது யார்?

ஏங்க, பர்வீனைத் தூக்கிக்கொண்டு பத்து மணி பஸ்ஸில் மொரப்பூருக்கு, உங்கள் அக்கா ஜான் பீ வீட்டுக்குப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடிக் காகிதப் பூ ஒட்டியபோது, தர்காவில் இறக்குவதாக நேர்ந்து குழந்தைக்கு வளர்த்த முடியை யாரோ வெட்டிவிட்டார்கள். கத்தரிக்கோல் அக்கா கையில் இருந்ததால் அவரைச் சந்தேகப்பட்டுக் கத்தினேன். "நான் தொடவேயில்ல வஹிதா" என்று அழுதவர், சாப்பிடாமலே போனார். நீங்கள் வாயைத் திறக்கவில்லை.

இன்று துவைக்க எடுத்த உங்கள் சட்டைப் பையில் பசை காய்ந்த முடிக்கற்றை கிடக்கிறது. குழந்தை பசையைத் தலையில் அப்பிக்கொண்டதா? சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன், அவ்வளவுதானே! இன்னும் என்னென்ன மறைத்தீர்களோ.

சோறும் பருப்பும் மூடி வைத்திருக்கிறேன்.

பி.கு.: மற்ற சட்டைப் பைகளையும் பார்த்துவிட்டேன்.

இன்னொன்று: அக்காவிடம் என் தப்புக்கு மட்டும்தான் மன்னிப்புக் கேட்பேன். உங்கள் தப்புக்கு நீங்களே வரவேண்டும்.