இடது கண்ணும் நீ ஊதாத விசிலும்

இன்று காலை முத்தியால்பேட்டை மணிக்கூண்டைத் தாண்டும்போது நெற்றி வியர்வை ஒரு சொட்டு என் இடது கண்ணுக்குள் இறங்கிவிட்டது. நெற்றியில் கைக்குட்டை கட்ட மறந்திருந்தேன். ஐப்பசி பிறந்தும் புழுக்கம் குறையவில்லை. விடியும் முன்பே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிறது. எரிச்சலில் கை தானாக மேலே போனது. ஆனால் கசக்கவில்லை. சைக்கிளை ஓரங்கட்டி, கண்ணாடியைக் கழற்றி, பாட்டிலைச் சாய்த்துக் கண்ணில் தண்ணீர் விட்டேன். நாலு தடவை சிமிட்டியதும் சரியாகிவிட்டது. "கண்ணு கேக்கறது தண்ணிய, கைய இல்ல" என்று நீ சொல்வாயே, அதைச் சொல்ல ஆளில்லாததால் நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். பால் பாக்கெட் போடுகிறவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது மச்சான். நான் இன்னும் அதே பாகூர் பஸ்ஸைத்தான் ஓட்டுகிறேன். பதினேழு வருடம் நீ கண்டக்டராக நின்ற பின்படியில் வேறொருவர் நிற்கிறார். நல்ல மனிதர்தான். உன்னைப் போல வாயாடத் தெரியாது, அவ்வளவுதான்.

நாம் இரண்டு பேரும் முத்தியால்பேட்டை. வண்டி நிற்கும் ஷெட் முதலியார்பேட்டையில். ஊரின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைக்குத் தினமும் சைக்கிளில் போனோம். முதல் ட்ரிப் ஆறரைக்கு. நான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு ராஜா போல வருவேன். நீ வரும் கோலத்தைப் பார்த்தால் நாய்களே குரைக்க யோசிக்கும். பக்கவாட்டிலும் மூடிய வெள்ளைக் கண்ணாடி, கம்பெனியில் வேலை பார்த்த உன் மைத்துனர் கொடுத்தது. அது நழுவாமலிருக்கப் பின்னந்தலையைச் சுற்றி ஓர் எலாஸ்டிக், உன் மனைவியின் தையல் பெட்டியிலிருந்து எடுத்தது. தொப்பிக்குள் நெற்றி படும் இடத்தில் பழைய டவலிலிருந்து வெட்டித் தைத்த பட்டை, வியர்வை கீழே இறங்காமலிருக்க. வெயிலுக்கென்று தனியாக ஒரு கறுப்புக் கண்ணாடியும் பையில் இருக்கும்.

"இன்னா மச்சான், பிளேன் ஓட்டப் போறியா?" என்று கேட்பேன்.

"நீ ஓட்டற பஸ்சுக்கு முன்னாடி கண்ணாடி கீது. சைக்கிளுக்குக் கீதா? அதான் மூஞ்சில போட்டுக்கறேன்" என்பாய்.

உனக்குக் காரணம் இருந்தது. படியில் நின்று வருடக்கணக்காகப் புழுதி வாங்கியதில் உன் கண்ணில் சதை வளர்ந்து, பெரிய ஆஸ்பத்திரியில் அதை எடுத்திருந்தார்கள். அதிலிருந்து கண் விஷயத்தில் நீ ஒரு பைத்தியம். லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகக் கூடாது என்பாய். பஸ்ஸில் கம்பி துடைத்த துண்டால் முகத்தைத் துடைத்தால் என் கையிலிருந்து அதைப் பிடுங்குவாய். எனக்கென்றே ஒரு கண்ணாடி வாங்கி உன் டிக்கெட் பைக்குள் வைத்திருந்தாய். மாதம் ஒரு தடவை எடுத்து நீட்டுவாய். நான் வாங்க மாட்டேன்.

ஏன் வாங்கவில்லை என்று உனக்கும் தெரியும். தனியார் பஸ் டிரைவர் கண்ணாடி போட்டால் அது வெறும் கண்ணாடி இல்லை. ஷெட்டில் முதலாளி பார்ப்பார். "இவனுக்குப் பார்வை போயிடுச்சு போல" என்று ஒருவன் சொன்னால் போதும், மாலைக்குள் அது பாகூர் வரை போய்விடும். அடுத்த வாரம் என் சீட்டில் வேறு ஆள். தூசிக்குப் போடுகிறேன், வியர்வைக்குப் போடுகிறேன் என்று யாரிடம் போய் விளக்குவது? டிரைவர் என்றால் வெறுங்கண்ணோடு வெயிலை முறைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆட்களின் எண்ணம். நானும் அந்த ஆட்களில் ஒருவன்தான்.

"ஆடிக் காத்துல அம்மியே பறக்குமாம், உன் கண்ணு எம்மாத்திரம்?" என்று நீ சொன்ன அதே ஆடியில்தான் அது நடந்தது. முதலியார்பேட்டையை நெருங்கும்போது எம்-சாண்ட் ஏற்றிய லாரி ஒன்று நம்மைத் தாண்டிப் போனது. மேலே போட்டிருந்த தார்ப்பாய் ஒரு பக்கம் அவிழ்ந்து படபடத்தது. நீ பிரேக் பிடித்துப் பின்தங்கிவிட்டாய். நான் வேகம் குறைக்கவில்லை. ஒரு கை கல்தூளை யாரோ முகத்தில் வீசியதுபோல இருந்தது. இடது கண் மூடிக்கொண்டது. இறங்கி, அங்கேயே நின்று, புறங்கையால் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தேன். நீ ஓடிவந்து கையைப் பிடிப்பதற்குள் செய்ய வேண்டிய கெடுதலை எல்லாம் நானே செய்து முடித்திருந்தேன்.

கண்ணில் விழுந்ததை நாக்கால் எடுக்கும் அம்மா ஒருவர் அந்தப் பக்கம் இருந்தார். கூலி வாங்க மாட்டார். இரண்டு வெற்றிலை வைத்தால் போதும். சின்ன வயதிலிருந்து அப்படி எடுத்துக்கொண்டுதான் பழக்கம், எனக்கு வேறு வழி தோன்றவே இல்லை. அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு, இமையைப் புரட்டி, நாக்கு நுனியால் ஒரு துழாவு துழாவினார். வெற்றிலையில் துப்பிக் காட்டினார். கறுப்பாக ஒரு பொடி. கண் உறுத்தல் பாதி குறைந்ததுபோல இருந்தது. அவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். உதவி என்று போனேன், அவருக்குத் தெரிந்ததைச் செய்தார்.

நீ விடவில்லை. "வெளிய வந்தது ஒன்னு. உள்ள எத்தன கீதுன்னு யாரு பாத்தா? வா, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்."

"ஆறரை ட்ரிப்ப யாரு எடுப்பா, உங்கப்பனா?" என்றேன்.

மூன்று நாள் மறைத்தேன். வீட்டில் தூக்கமில்லை என்றேன், ஷெட்டில் வெயில் என்றேன். நாலாம் நாள் கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்து, வெளிச்சம் பட்டாலே தண்ணீர் கொட்டியது. அந்தக் கண்ணால் பார்த்தால் எதிரில் பனி மூடியதுபோல இருந்தது. என் மகனின் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினேன். கண்ணைக் காப்பாற்ற நீ கொடுத்தபோது வேண்டாம் என்றவன், கண்ணை மறைக்க நானே தேடிப் போட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

அன்று இரண்டாவது ட்ரிப். முதலியார்பேட்டையைத் தாண்டும்போது இடது பக்கம் ஸ்கூட்டரில் ஒரு பெண், முன்னால் பள்ளிச் சீருடையில் பிள்ளை. எனக்கு அவர்கள் தெரியவே இல்லை. பஸ்ஸின் இடது பக்கம் அவர் கைப்பிடியை உரசிவிட்டது. வண்டி ஆடியது, விழவில்லை. பின்படியில் நின்ற நீ எல்லாவற்றையும் பார்த்தாய். நான் அதைக்கூடப் பார்க்கவில்லை, உன் கூச்சல் மட்டும்தான் கேட்டது.

அரியாங்குப்பம் ஸ்டாப்பில் நிறுத்தினேன். நீ இறங்கி முன்பக்கம் வந்தாய். ஜன்னல் வழியாக என் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாய். ஒன்றும் கேட்காமல் உள்ளங்கையால் என் வலது கண்ணைப் பொத்தினாய்.

"எதுத்தாப்புல கடை போர்டுல இன்னா எழுதிருக்குது? படி."

நான் படிக்கவில்லை. படிக்க எதுவும் தெரியவில்லை.

நீ திரும்பிப் பின்படிக்குப் போனாய். ஆட்கள் ஏறி முடித்தார்கள். நான் கியர் போட்டுக் காத்திருந்தேன். விசில் வரவில்லை. ஹாரன் அடித்தேன். வரவில்லை. பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் கத்த ஆரம்பித்தன.

"இன்னாய்யா, எடுக்க மாட்டீங்களா? மீனு வெயில்ல கெடக்குது" என்று கூடைக்காரம்மா ஒருவர் சத்தம் போட்டார்.

"வண்டி போவாதும்மா. டிரைவருக்குக் கண்ணு தெரியல. எல்லாரும் எறங்குங்க, அடுத்த பஸ்ல ஏத்திவுடறேன்" என்று நீ சொன்னாய். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். ரோடு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாய்.

நான் இறங்கி வந்து உன் சட்டையைப் பிடித்தேன். "இத்தன வருஷம் கூட இருந்துட்டு என் சோத்துல மண்ணப் போடறியா?" என்றேன். உன் அம்மாவையும் இழுத்துப் பேசினேன். நீ சட்டையை விடுவித்துக்கொள்ளக்கூட இல்லை. "திட்டு. ஆட்டோவுல ஏறிக்கினு திட்டு" என்றாய்.

பெரிய ஆஸ்பத்திரியில் விளக்கு வைத்துப் பார்த்த டாக்டரம்மா, கருவிழியில் கீறல் விழுந்து அதில் சீழ் பிடித்திருக்கிறது என்றார். தேய்த்ததில் கீறல், நாக்கு வைத்ததில் கிருமி போயிருக்கலாம் என்றார். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா, நான் இந்தக் கண்ணுக்கு எந்த உறுதியும் கொடுத்திருக்க முடியாது" என்றார். மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து. வண்டிப் பக்கம் போகக் கூடாது.

என் மனைவி பகலில் வேலைக்குப் போகிறவள். மணிக்கு ஒரு தடவை சொட்டு விட நீதான் வந்தாய். வருவாய், கையைக் கழுவுவாய், என் தலையைச் சாய்த்து ஒரு சொட்டு விடுவாய், வாசலில் போய் உட்காருவாய், அடுத்த மணிக்கு மறுபடி வருவாய். நான் உன்னோடு பேசவில்லை. செய்த தப்புக்குப் பரிகாரம் பண்ணுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். ட்ரிப்பை நடுவழியில் நிறுத்தியதற்காக முதலாளி உன்னையும் இரண்டு வாரம் வீட்டுக்கு அனுப்பியிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. நீ சொல்லவில்லை. வெகுநாள் கழித்து உன் மனைவி சொல்லித்தான் தெரியும்.

ஒன்பதாவது நாள்தான் வாயைத் திறந்தேன். "கைய கழுவினியா?" என்று கேட்டேன்.

"ரெண்டு தடவ" என்றாய். அவ்வளவுதான் நம் சமாதானப் பேச்சு.

ஒன்றரை மாதத்தில் கண் சரியானது. கருவிழி ஓரத்தில் கடுகளவு வெள்ளைத் தழும்பு, பார்வைக்கு இடைஞ்சல் இல்லை. பரிசோதனையில் கடைசி வரி வரை படித்தேன். வேலைக்குத் திரும்பிய முதல் நாளே, நீ டிக்கெட் பையில் வைத்திருந்த கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஷெட்டுக்குள் நுழைந்தேன். முதலாளி பார்த்தார். "இன்னாப்பா, கண்ணு போச்சா?" என்றார்.

"கண்ணு இருக்குது முதலாளி. அதான் போட்டுக்கினு வர்றன்" என்றேன். சொன்னதும் எனக்கே ஒரு தெம்பு வந்தது. இப்போது ஷெட்டில் சைக்கிளில் வருகிற நாலு பேரில் மூன்று பேர் கண்ணாடி போடுகிறார்கள். நாலாவது ஆளையும் விட மாட்டேன்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் இந்த மடல். இந்தக் கதையைப் பிறகு டீக்கடைகளில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "கண்ணு சரியில்லன்னு தெரிஞ்சுது, ட்ரிப்ப நிறுத்திட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போனேன்" என்றுதான் சொல்வேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பாய். ஒரு தடவைகூட என்னைத் திருத்தவில்லை. "ஆமா, நேராப் போனான்" என்று நீயே எடுத்துக்கொடுத்த நாளும் உண்டு. மாசியில் ஒரு மதியம் மார்வலி என்று படுத்தவன் நீ எழுந்திருக்கவில்லை. அரியாங்குப்பத்தில் நீ செய்தது சரி என்று கடைசி வரை உன்னிடம் நான் சொல்லவே இல்லை. வெட்கத்தைவிட வீம்புதான் காரணம்.

இப்போதெல்லாம் சாவி போடுவதற்கு முன் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் எதிரிலிருக்கும் பஸ்ஸின் நம்பரைப் படிக்கிறேன். போன வாரம் புதுக் கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, "என்னாண்ணே, நேத்திக்கடனா?" என்று கேட்டார். உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளது உள்ளபடி. ஸ்கூட்டரில் வந்த அந்தப் பெண், முன்னால் இருந்த பிள்ளை, போர்டு படிக்க முடியாதது, உன் சட்டையைப் பிடித்தது, உன் அம்மாவைத் திட்டியது. நீ மட்டும் அன்று விசில் ஊதியிருந்தால் நான் யாரையாவது கொன்றிருப்பேன் என்பதையும் சொன்னேன். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எனக்கு மறுபடி ஒரு நாள் அப்படி வரும்" என்றேன். "வயசாவுது. நானே எறங்கிடுவேன்னுதான் நெனைக்கறேன். எறங்கலன்னா நீ விசில் ஊதக்கூடாது. நான் இன்னா திட்டுனாலும் ஊதக்கூடாது."

அவர் எழுந்து என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்தார். பிறகு தன் உள்ளங்கையை என் வலது கண்ணின் மேல் வைத்து, "அந்த வண்டி நம்பர நான் கேக்கறன், படிங்க" என்றார். படித்தேன். நாலு எண்ணும் சரி. அவர் பின்படிக்குப் போய் நின்று இரண்டு விசில் கொடுத்தார், நான் வண்டியை எடுத்தேன்.